“ஆடி முடிஞ்சதும் காலி பண்ணிக் குடுங்க”: வாடகை வீடு குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வாடகை ஒப்பந்தம் குறித்து ஒரு வாசகருக்கு எழுதிய சிறு பதிலைத் தொடர்ந்து, சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை “எந்தக் காரணமும் சொல்லாமல் காலி செய்யச் சொல்கிறார்கள்” என்றே தொடங்குகின்றன. ஐந்து கடிதங்களை எடுத்து, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் இரண்டு குழித்தறி போட்டு வெண்பட்டு நெய்கிறோம். 2016-ஆம் ஆண்டு குடி வந்தபோது 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதினோம்; அதன் பிறகு புதுப்பிக்கவில்லை. வாடகை 3,500 ரூபாயில் தொடங்கி இப்போது 6,500 ரூபாய். ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை. ஆனி மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வந்து, “ஆடி முடிஞ்சதும் காலி பண்ணிக் குடுங்க” என்றார். காரணம் கேட்டதற்கு, “என் வீடு எனக்கு வேணும்னு சொன்னாப் போதாதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வாடகையையும் வாங்க மறுக்கிறார். இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? தறிக்குழியை என்ன செய்வது?

பதில்: கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், ஒழுங்காக வாடகை கொடுத்துவருபவரை வெளியேற்ற வேண்டுமென்றால், சொந்தக் குடியிருப்புக்குத் தேவை, இடித்துக் கட்ட வேண்டும் என்பதுபோல அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணம் ஒன்றை வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நம் ஊரில் இன்றும் பலர் அந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அது இப்போது இல்லை. அதன் இடத்தில், சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு நமக்கே சொந்தம் என்று திண்ணையில் சொல்லப்படுவதையும் மறந்துவிடுங்கள். உரிமையாளரின் அனுமதியோடு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை.

புதிய சட்டம் ஒப்பந்தத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. எழுத்துமூல ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை, 21-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட காரணங்கள் இருந்தால் மட்டுமே வாடகை நீதிமன்றத்தின் வழியாக உங்களை வெளியேற்ற முடியும்: இரண்டு மாத வாடகையை நிலுவை வைத்து, அறிவிப்பு கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இருப்பது, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, கட்டடத்தைத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்துவது, பழுதுபார்க்கவோ இடித்துக் கட்டவோ வேண்டியிருப்பது, உரிமையாளருக்குச் சொந்தத் தேவை இருப்பது போன்றவை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் தொடர்ந்து இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டதாக 5-ஆம் பிரிவு கருதிக்கொள்கிறது. அதற்கு மேல் உங்களுக்குப் பிடிமானம் குறைவு. உங்கள் காகிதமோ இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே காலாவதியானது. முன்பிருந்த வாடகை உறவுகளையும் புதிதாக எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னபோது இருவருமே செய்யவில்லை. அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றுவதற்கான முதல் காரணமாக 21-ஆம் பிரிவு வைத்திருப்பதால், “காரணம் சொல்லவில்லை” என்ற வாதத்தை மட்டும் நம்பி நீங்கள் நீதிமன்றப் படியேறக் கூடாது.

ஆனால் வீட்டுக்காரர் நினைப்பதுபோல அவருடைய வாய்ச்சொல்லே உத்தரவாகிவிடாது. காலி செய்ய மறுத்தால் அவர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு வரும் உத்தரவின்படிதான் வீட்டைத் திரும்பப் பெற முடியும். மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயமும் இருக்கிறது. ஆடி முடிந்த கையோடு ஆள் கூட்டிக்கொண்டு வந்து சாமானை வெளியே எடுத்துவைக்க அவருக்கு எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லை. வழக்கறிஞர் அறிவிப்பு தபாலில் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சரியான முகவரிக்கு வந்து, மறுத்துத் திருப்பப்பட்ட தபால் சேர்ந்ததாகவே கருதப்படும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைகொள்ள வைத்தது, அவர் வாடகையை வாங்க மறுக்கிறார் என்ற வரிதான். இரண்டு மாதம் பேசாமல் இருந்தீர்களானால், பாக்கி வைக்காதவர் என்ற உங்கள் ஒரே பலத்தை நீங்களே விட்டுக்கொடுத்து, வாடகை நிலுவை என்ற இன்னொரு காரணத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுவீர்கள். இந்த மாதமே மணியார்டராக அனுப்புங்கள். வாங்க மறுத்தார் என்ற குறிப்போடு திரும்பிவரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். இதுவரை அவருடைய கணக்குக்கோ மகனுடைய கணக்குக்கோ கைப்பேசி வழியாக அனுப்பிவந்திருந்தால் அதையும் நிறுத்த வேண்டாம். அனுப்பும்போது குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால், 14-ஆம் பிரிவின் கீழ் வாடகை அதிகாரியிடமே பணத்தைச் செலுத்திவிடலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

தறிக்குழி விஷயத்துக்கு வருகிறேன். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, வாடகைதாரர் தாம் நிலத்தோடு பொருத்திய பொருள்களைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். இடத்தை மட்டும் வாங்கிய நிலையிலேயே திரும்ப ஒப்படைக்க வேண்டும். தறிமரம், அச்சு, விழுது, மிதி எல்லாம் உங்களுடையவை. கால் தொங்கவிட்டு உட்கார்ந்த குழியை மண்ணிட்டு மூடி, திமிசு போட்டு இறுக்கி, மேலே தரை பூசிக் கொடுக்க வேண்டியது உங்கள் செலவு. நீங்கள் வருவதற்கு முன்பே குழி இருந்திருந்தால் அந்தச் செலவு உங்களைச் சேராது. அம்மாபேட்டையில் தறிக்குழியோடு வாடகைக்கு விடப்பட்ட பழைய வீடுகள் இருப்பதால் இதைக் கேட்கிறேன். தறியில் ஏற்றியிருக்கும் பாவு நூலை (நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூலை) நெய்து முடிக்காமல் தறியைப் பெயர்த்தால் பட்டும் உழைப்பும் வீணாகும் என்பது நெசவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதை எழுத்தில் சொல்லி, பாவு முடியும் நாளையும் வேறு வீடு பார்க்கும் அவகாசத்தையும் சேர்த்து, தை மாதம் வரை என்றோ அதற்கு முன்னதாகவோ ஒரு தேதி கேளுங்கள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். அவர் ஒப்புக்கொண்டால் தேதி, அட்வான்ஸ் திரும்பும் நாள், குழியை யார் மூடுவது என்ற மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். என் அனுபவத்தில், இந்த நிலையில் இருக்கும் வாடகைதாரருக்கு வழக்கைவிட இந்த ஒற்றைத் தாள் கூடுதல் நன்மை செய்திருக்கிறது. உத்தரவுக்குப் பிறகும் வீட்டில் இருந்தால் வாடகையின் மடங்குகளில் இழப்பீடு கேட்க உரிமையாளருக்குச் சட்டம் இடம் கொடுத்திருப்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: சூரமங்கலத்தில் அம்மாவோடு மாடி வீட்டில் குடியிருக்கிறேன், தனியார் மருத்துவமனையில் செவிலியர். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. உடனே காலி செய்ய மறுத்ததால் வீட்டுக்காரர் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் மோட்டாரும் போடுவதில்லை. இரவுப் பணி முடிந்து வந்தால் கீழ்க் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. காவல் நிலையத்தில், “இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: உங்கள் நிலை முதல் கடிதக்காரரின் நிலையைவிடப் பலமானது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. 21-ஆம் பிரிவின் காரணம் எதுவும் இல்லாமல் உங்களை அசைக்க முடியாது. மின்சாரம், தண்ணீர், மாடிப்படி விளக்கு, பொதுவழி விளக்கு ஆகியவை சட்டத்தின் கண்ணில் அத்தியாவசியச் சேவைகள். அவற்றைத் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு தடுக்கிறது. நீங்கள் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் சேவையை உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவோடு ஒப்பந்த நகல், வாடகை செலுத்திய விவரம், பீஸ் கட்டை இல்லாத பெட்டியின் படம் ஆகியவற்றை இணையுங்கள். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் பதிவு எண்ணையும் எழுதுங்கள். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துச் சட்டத்தின் பலனைக் கேட்கும்போது கேள்வி எழும் என்பதால், முதல் தடவை வீடு பிடிக்கும்போதே அரசின் இணையதளத்தில் பதிவு செய்துவிட வேண்டும் என்று இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

காவல் நிலையம் சொன்னது பாதி சரி. வீடு யாருக்கு என்று தீர்மானிப்பது அவர்கள் வேலையில்லை. ஆனால் குடியிருப்பவரை வீட்டுக்குள் போகவிடாமல் வழிமறிப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் வரும் குற்றம். எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் போனதற்கே தடயம் இருக்காது. ஒருவேளை நீங்கள் பணியில் இருக்கும்போது பூட்டை மாற்றிவிட்டால், குறிப்பீட்டு நிவாரணச் சட்டம் 1963-இன் 6-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இருப்பிடத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்பது கேள்வியே அல்ல. வழக்கறிஞர் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில், ஊராட்சி எல்லைக்குள், காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். நோட்டரி முத்திரையோடு ஒப்பந்தம் இருக்கிறது. ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மே மாதக் கோடை விழாவுக்கு முன் வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றப் போவதாகக் கேள்வி. உரிமையாளர் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பி, பத்து நாளில் காலி செய்யச் சொல்கிறார். மூன்று வருட ஒப்பந்தம் என்னைக் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றும் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. முதலாவதாக, மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. ஊராட்சியில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம்தான் பொருந்தும். வழக்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். இரண்டாவதாக, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 107-ஆம் பிரிவும் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் சொல்கின்றன. கையெழுத்து இன்னாருடையது என்பதற்கு நோட்டரி முத்திரை சாட்சி. பதிவுக்கு அது ஈடாகாது. பதிவில்லாத மூன்று வருட ஒப்பந்தத்தை, நீங்கள் எப்போது, என்ன தன்மையில் குடிவந்தீர்கள் என்பதைக் காட்டும் துணைச் சான்றாக நீதிமன்றம் பார்க்கலாமே தவிர, மூன்று வருடம் இருக்கும் உரிமையை அதிலிருந்து எடுத்துத் தராது. எல்லோரும் 11 மாதத்துக்கு எழுதுவதன் காரணமும் பதிவுச் செலவைத் தவிர்ப்பதுதான். நீங்கள் பெரிய உரிமையைக் கேட்டுச் சிறிய செலவை விட்டுவிட்டீர்கள்.

ஆக, உங்களுடையது மாத வாடகை. மாத வாடகையை முடிக்க 106-ஆம் பிரிவின்படி 15 நாள் அறிவிப்பு போதும், காரணம் தேவையில்லை. ஆனால் அந்த அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும், தபாலிலோ நேரிலோ குடும்பத்தாரிடமோ சேர்க்கப்பட வேண்டும். பத்து நாள் கெடு வைத்த குரல் செய்தி இவற்றில் ஒன்றையும் நிறைவேற்றவில்லை. இதைப் பெரிய கோட்டையாக எண்ணிவிடாதீர்கள்: 15 நாளுக்குக் குறைவாக நாள் குறித்த அறிவிப்பாக இருந்தாலும், அந்த 15 நாள் கழிந்த பிறகே வழக்குத் தொடுத்திருந்தால் நாள் குறைவு என்ற குறையைச் சொல்லித் தப்ப முடியாது என்று 2003 முதல் அதே பிரிவில் திருத்தம் இருக்கிறது. வழக்குப் போட்டு, தீர்ப்புப் பெற்று, நிறைவேற்று மனு வழியாகத்தான் அவர் வீட்டை எடுக்க முடியும் என்பதே உங்கள் கையிலுள்ள சீட்டு. கோடைக்கு முன் வீடு வேண்டும் என்ற அவசரம் அவருடையது. இடம் மாறும் செலவையும் முன்பணத்தையும் உடனே தரச் சொல்லி, கௌரவமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. (தோட்ட வேலைக்காக நிர்வாகம் கொடுத்த லைன் வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேலையோடு ஒட்டிய குடியிருப்பு, வாடகை அல்ல.)

கேள்வி: குகையில் மூன்று லட்சம் ரூபாய் போக்கியத்துக்கு மூன்று வருடக் கெடுவில் இருக்கிறோம். வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி நடுவிலேயே காலி செய்யச் சொல்கிறார்கள். “வீட்டை வித்ததும் பணம் தர்றோம்” என்கிறார்கள்.

பதில்: பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பதிவு செய்த அனுபோக அடமானமாக (கொடுத்த பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவித்துக்கொள்ளும் அடமானமாக) இருந்தால், பணம் திரும்பும் வரை வீட்டை வைத்திருக்கும் உரிமை உங்களுடையது. வாங்குகிறவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்: உங்கள் போக்கியம் அதில் தெரிகிறதா, உங்களுக்கு முன்பே வங்கிக் கடன் ஏதும் இருக்கிறதா என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும். வெறும் முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் அதை அடமானமாக நிலைநாட்டுவது கடினம்; பணம் கொடுத்ததற்கான வங்கிச் சான்றோடு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் போடும் நாளில் வாங்குகிறவரே உங்கள் மூன்று லட்சத்தை நேராக உங்கள் கணக்கில் செலுத்துவது என்று ஏற்பாடு செய்துகொள்வதுதான் நடைமுறையில் சுலபம்.

கேள்வி: பொன்னம்மாபேட்டையில் குடியிருந்தோம். காலி செய்யச் சொன்னது வீட்டுக்காரர்; நாங்களும் சண்டையில்லாமல் வந்துவிட்டோம். இப்போது அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையை வெள்ளையடிப்புக்கு என்று பிடித்துக்கொள்கிறார். சரியா?

பதில்: ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் சரியல்ல. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னலுக்கு வர்ணம் பூசுவதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உரிமையாளரின் பொறுப்பில் வருகின்றன. குழாய் வாஷர், சுவிட்சு, அடைத்துக்கொண்ட சாக்கடை போன்றவையே வாடகைதாரர் பார்க்க வேண்டியவை. ஆணியடித்துப் பெயர்ந்த சுவர், உடைந்த கண்ணாடி என்று நீங்கள் செய்த சேதம் இருந்தால் அதற்கான செலவை மட்டும் கழிக்கலாம். மீதியை வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாத இடத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதே பிரிவுதான். எழுத்தில் கேட்டுப் பார்த்து, தராவிட்டால் வாடகை அதிகாரியிடம் போங்கள். இனி எந்த வீட்டைக் காலி செய்தாலும், சாமான் ஏற்றிய பிறகு வெற்று வீட்டை அறை அறையாகக் கைப்பேசியில் படம்பிடித்து, மின் மீட்டரின் அளவையும் எடுத்துக்கொண்டு, சாவியைப் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிய பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.